சென்னையா, திருப்பூரா: ஊர் மளமளவென்று பெருத்தால் யாருக்கு லாபம்?

2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டு மக்களில் 48 சதவீதம் பேர் நகரவாசிகள். ஆனால் எல்லா ஊரும் ஒரே மாதிரி வளரவில்லை. சென்னை பக்கத்துக் கிராமங்களையும் ஏரிகளையும் விழுங்கிக்கொண்டே பரவியது. திருப்பூர் பனியன் கம்பெனிகளைச் சுற்றி வளர்ந்தது. 2001இல் ஐந்தரை லட்சமாக இருந்த மக்கள்தொகை, சுற்றுப்பகுதிகளையும் சேர்த்து, பத்தே ஆண்டுகளில் ஒன்பதரை லட்சத்தைத் தாண்டிவிட்டது.

புதிதாக வருகிறவர் கையில் காசு புரள்வதில் திருப்பூருக்குத்தான் முதலிடம். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கூட கைமடியாகவோ (தையல்காரருக்கு உதவியாள்) செக்கிங்கிலோ சேர்ந்து, தையல் பழகி, பீஸுக்கு இவ்வளவு என்ற கூலிக்கு ஓவர்லாக் தையல் மிஷினில் உட்கார்ந்துவிடலாம். சனிக்கிழமையானால் சம்பளம். அதனால்தான் மதுரை, தேனி பக்கத்து ஆட்கள் வந்த ஊருக்கு இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிறார்கள். தங்குவதற்குக் கிடைப்பது என்னவோ லைன் வீட்டில் ஓர் அறை, நாலைந்து குடும்பங்களுக்கு ஒரே கழிப்பறை, வாசலில் வரிசையாக நீல டிரம்கள்.

சென்னையில் வாடகையும் அட்வான்ஸும் முதல் மாதமே மூச்சு முட்ட வைக்கும். ஆனால் வேலை போனால் தாங்கிப் பிடிப்பது சென்னைதான். கார் ஆலை, துறைமுகம், ஐடி, ஆஸ்பத்திரி, ஓட்டல் என்று ஒன்றில்லாவிட்டால் இன்னொன்று. திருப்பூரில் நூல் விலை ஏறினாலே டீக்கடை வரைக்கும் அடி விழும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது ஊரே கலங்கியது அதனால்தான்.

போக்குவரத்தில் போட்டியே இல்லை. கூட்டம் இருந்தால்தான் மெட்ரோ கட்டுப்படியாகும். சென்னைக்கு 2015இலேயே அது வந்துவிட்டது.

தண்ணீருக்கு வருவோம். சென்னைக்கு வீராணம் ஏரித் தண்ணீர் உண்டு, மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் உண்டு. இருந்தும் 2019இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. அதற்கு நாலு வருஷம் முன்னால் வெள்ளம் சூழ்ந்து வேளச்சேரியில் படகு விட்டார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் பெரும்பகுதியைக் கட்டடத்துக்கும் குப்பைமேட்டுக்கும் கொடுத்துவிட்டால் மழைநீர் எங்கே போகும்? ஆனாலும் சென்னை செய்த தப்பு பெரும்பாலும் சென்னைக்காரர் வீட்டுக்குள்ளேயே திரும்பி வந்தது.

திருப்பூர் கதை அப்படியில்லை. சாயப்பட்டறைகளின் உப்புக் கழிவு நொய்யல் ஆற்றில் இறங்கிக் கீழே உள்ள ஊர்களுக்குப் போனது. பாசனத்துக்காக 1992இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தொட்டியானது. ‘அணையைத் திற’ என்று கேட்க வேண்டிய விவசாயிகள் ‘திறக்காதே’ என்று கெஞ்சும் நிலை. 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவை வெளியே விடாத சுத்திகரிப்பு ஒழுங்காகப் பிடித்துக்கொண்டது. லாபம் ஓர் ஊருக்கு, உப்பு இன்னோர் ஊருக்கு. என் கணக்கில் வேக வளர்ச்சியின் மிகப் பெரிய குறை இதுதான். நெரிசலெல்லாம் அதற்கு அப்புறம்.

சரி, இரண்டில் எது தேவலை? நான் திருப்பூர் பக்கம். எல்லாரையும் சென்னைக்கே துரத்துவதைவிட நடுத்தர ஊர்கள் பெருப்பது நல்லது. கிராமத்து ஆள் சொந்த ஊரை விட்டு வெகுதூரம் போகாமலே சம்பாதிக்கலாம். ஆனால் சாக்கடையும் சுத்திகரிப்பும் முதலில், லேஅவுட் அப்புறம். 2019இல் மாநகராட்சியான ஓசூரில் இப்போதே இதைச் செய்துவிடலாம். மேலே பெங்களூரிலிருந்து வரும் கழிவால் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதை அந்த ஊர்க்காரர்கள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.