மாரா நதியைக் காட்டி விற்றார்கள், பூங்காவுக்கு வெளியே தங்க வைத்தார்கள்: தான்சானியா போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

தான்சானியாவில் சஃபாரி, பிறகு சான்சிபார் கடற்கரையில் ஓய்வு என்று இரண்டையும் ஒரே தொகுப்பாக விற்கும் சொகுசுச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். கடந்த ஆகஸ்ட் மாதப் பயணத்துக்காகச் சென்னையில் உள்ள ஒரு சுற்றுலா நிறுவனத்துக்கு, அம்மா, என் மனைவி, நான் என மூவருக்கும் சேர்த்து, சர்வதேச விமான டிக்கெட் நீங்கலாக ஏறத்தாழ 17 லட்சம் ரூபாய் கொடுத்தோம். அவர்கள் விற்றது ஒரு பயணம், நடத்தியது வேறொரு பயணம். வழக்கு நடப்பதால் பெயரை எழுதவில்லை. பெயரை விட அவர்கள் கையாண்ட முறை தெரிவதுதான் உங்களுக்கு உதவும்.

எழுத்தில் கொடுத்த திட்டம் இதுதான். வடதான்சானிய நகரமான அருஷாவிலிருந்து சிறிய விமானத்தில் செரெங்கெட்டி தேசியப் பூங்காவின் வடகோடியிலுள்ள கோகாடெண்டேக்குப் போவது. அங்கே மாரா நதிக்கு அருகில் கூடார விடுதி. பிறகு கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் தங்கி, ஒரு நாள் பள்ளத்துக்குள் இறங்குவது. கடைசியாகச் சான்சிபாரின் வடமுனையில் நுங்வி கடற்கரையில், கடலைப் பார்த்த அறை. அம்மா ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை. மாட்டைப் போன்ற தோற்றமுள்ள ஆப்பிரிக்க விலங்கான வில்டபீஸ்ட், கூட்டமாக மாரா நதியைக் கடப்பதை நேரில் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. விலை அதிகமாக இருந்தும் இந்தத் திட்டத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு அந்த நதி ஒன்றுதான் காரணம். இதை நிறுவனத்திடம் பலமுறை சொல்லியிருந்தோம், மின்னஞ்சல்களும் இருக்கின்றன.

முதல் மாற்றம் வந்து இறங்கியதுமே தெரிந்துவிட்டது. கிளிமஞ்சாரோ விமான நிலையத்தில் எங்களை அழைக்க வந்த உள்ளூர் ஓட்டுநர், மறுநாள் காலை ஜீப்பில் கிளம்புகிறோம் என்றார். விமானம் என்னவாயிற்று என்று சென்னைக்குத் தொலைபேசியில் கேட்டேன். "இடம் கிடைக்கவில்லை சார், சாலையில் போனால் வழியெல்லாம் பார்க்கலாம்" என்றார் விற்பனை மேலாளர். இந்தச் சிறிய விமானங்களில் ஆளுக்கு 15 கிலோ, அதுவும் மடங்கக்கூடிய துணிப் பைகள்தான் அனுமதி என்று சொல்லி எங்களைப் புதிய பைகள் வாங்க வைத்ததே இவர்தான். ஊர் திரும்பியபின் அந்த விமான நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். எங்கள் மூவர் பெயரில் எந்த முன்பதிவும் ஒருபோதும் செய்யப்படவில்லை என்று பதில் வந்தது.

அருஷாவிலிருந்து கராட்டு வழியாகக் கோரோங்கோரோவின் லொடுவாரே நுழைவாயில் வரை நல்ல தார்ச்சாலை. அதற்குப் பிறகு மண் சாலை. நெடுக அலை அலையாக மேடு பள்ளம், எதிரே வரும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு புழுதி மூட்டம். செரெங்கெட்டியின் நடுப்பகுதியான செரோனெராவைச் சேரவே முழுப் பகல் போய்விடும். இளைஞர்களுக்கு இது சுவையான அனுபவமாகக்கூட இருக்கலாம். முதுகுவலிக்கு மருத்துவம் பார்த்துக்கொண்டிருக்கும் 68 வயதுப் பெண்மணிக்கு, விமானத்துக்குப் பணம் கொடுத்த பிறகு, இதைத் தரலாமா? அம்மா அன்று இரவு எதுவும் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

படுத்த இடமும் கோகாடெண்டே அல்ல. பூங்காவின் மேற்கே, இக்கோமா நுழைவாயிலைத் தாண்டி, எல்லைக்கு வெளியே இருந்த ஒரு கூடார விடுதி. விடுதியைக் குறை சொல்ல மாட்டேன். ஊழியர்கள் அன்பாக நடந்துகொண்டார்கள், வெந்நீர் வந்தது. ஆனால் மாரா நதி அங்கிருந்து ஜீப்பில் ஏறத்தாழ நான்கு மணி நேரத் தொலைவில் இருக்கிறது.

செரெங்கெட்டி 14,763 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்டுகள், வரிக்குதிரைகளோடும் மான்களோடும், மழையையும் புல்லையும் தேடி ஆண்டு முழுவதும் அதைச் சுற்றி வருகின்றன. பிப்ரவரி வாக்கில் தெற்கே ந்டுட்டு சமவெளியில் கன்று ஈனுகின்றன. ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கே மாரா நதியை அங்குமிங்குமாகக் கடக்கின்றன. ஆகஸ்டில் நதியைப் பார்க்க வேண்டுமானால் வடக்கே தங்க வேண்டும். ஏனெனில் கடப்பதற்கு நேரம் குறித்துக் கொடுக்க யாராலும் முடியாது. கூட்டம் கரைக்கு வரும், தயங்கும், திரும்பிப் போகும், மறுபடி வரும். பக்கத்தில் தங்கியிருப்பவர்கள் காலையில் போய்ப் பொறுமையாகக் காத்திருக்கலாம். இதனால்தான் அந்தப் பகுதி விடுதிகளுக்கு அவ்வளவு விலை. அந்த விலையை எங்களிடம் வாங்கிக்கொண்டு நான்கு மணி நேரத்துக்கு அப்பால் தங்க வைத்தார்கள்.

நதிக்குப் போக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றோம். எரிபொருளுக்கென்று 250 டாலர் ரொக்கமாகக் கொடுத்தால் ஒரு நாள் அழைத்துப் போகலாம் என்று, பயணத்தை நடத்திய உள்ளூர் நிறுவனத்தின் அருஷா அலுவலகம் சொன்னது. கொடுத்தோம். விடியும்போது நுழைவாயிலில் நின்று, பத்தரை மணி வாக்கில் கரையை அடைந்தோம். எதிர்க்கரைச் சரிவில் ஆயிரக்கணக்கில் கறுப்பாக நின்றுகொண்டிருந்தன. அந்த முனகல் சத்தம் வண்டிக்குள் கேட்டது. முன்வரிசையில் நின்றவை தண்ணீருக்கு மிக அருகே இறங்கும். பின்னால் நிற்பவை தள்ளும். ஏதோ ஒன்று மிரண்டு திரும்பினால் மொத்தக் கூட்டமும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு மேலே ஓடிவிடும். கீழே மணல்திட்டில் முதலைகள். அம்மா தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. மூன்றாம் முறை கூட்டம் திரண்டு இறங்கியபோது ஒன்றரை மணி. ஓட்டுநர் எங்கள் பக்கம் திரும்பி, இனியும் நின்றால் ஆறு மணிக்குள் வெளி வாயிலைக் கடக்க முடியாது, அபராதம் தன் தலையில் விழும் என்றார். அவர் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. கிளம்பினோம். நாங்கள் போன பிறகு, மூன்று மணியளவில் அவை கடந்தன என்று அங்கேயே தங்கியிருந்த ஒரு குடும்பம் பின்னர் சான்சிபாரில் எங்களிடம் சொன்னது.

அந்த ஓட்டுநரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வழிகாட்டியும் அவரே. பறவைகளின் பெயர்களை அம்மாவுக்குச் சொல்லித்தருவார். சிங்கம் படுத்திருக்கும் பாறைகளை அவ்வளவு தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பார். இத்தகைய பதிவுகளைப் படித்துவிட்டு ஓட்டுநர்களிடம் கோபத்தைக் காட்டாதீர்கள், டிப்ஸைக் குறைக்காதீர்கள். திட்டத்தை மாற்றுவதும் பணத்தைப் பிடிப்பதும் அவர்கள் அல்ல.

உண்மையில் என்ன நடந்திருக்கிறது என்பது அவர் எங்களுக்குக் காட்டிய தாள்களிலிருந்துதான் புரிந்தது. செரெங்கெட்டிக்குள் நுழைய வெளிநாட்டவருக்கு அந்தப் பருவத்தில் ஆளுக்கு 70 டாலர், அதன்மேல் 18 விழுக்காடு வரி. இது ஒரு நாளுக்கு மட்டும். பூங்காவுக்கு உள்ளே தங்கினால் ஒவ்வோர் இரவுக்கும் தனிக் கட்டணம் உண்டு. வெளியே தங்க வைத்தால் அந்தக் கட்டணம் முழுவதும் நிறுவனத்துக்கு மிச்சம். எங்கள் திட்டத்தில் ஒரு நாளுக்குத் திடீரென "ஓய்வும் கிராம நடையும்" என்று பெயர் மாறியதற்கும் காரணம் அதுவே. அந்த நாளுக்கு அவர்கள் நுழைவு அனுமதியே வாங்கவில்லை.

கோரோங்கோரோவில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. பள்ளத்தின் தரை சுமார் 260 சதுர கிலோமீட்டர். சுற்றிலும் ஏறத்தாழ 600 மீட்டர் உயரச் சுவர். உள்ளே யானை, சிங்கம், அரிய கறுப்புக் காண்டாமிருகம். வண்டி ஒவ்வொரு முறை உள்ளே இறங்கவும் 295 டாலர் தனியாகக் கட்ட வேண்டும். காலையில் பனிமூட்டம், இறங்குவது ஆபத்து என்று அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. ஆகஸ்டில் விளிம்பில் பனிமூட்டம் இருப்பது உண்மைதான். ஆனால் எங்கள் கண்முன்னே மற்ற வண்டிகள் இறங்கிக்கொண்டிருந்தன. அனுமதிச்சீட்டைக் காட்டும்படி கேட்டேன். அதில் எங்கள் பெயர்கள், தேதி, கட்டிய தொகை எல்லாம் இருந்தன. பள்ளத்துக்குள் இறங்கும் கட்டணம் மட்டும் இல்லை. கட்டணத்தை நிறுவனம் கணினி வழியாக முன்கூட்டியே செலுத்த வேண்டும். வாயிலில் ரொக்கம் வாங்குவதில்லை. விளிம்பில் இருக்கும் பார்வை மேடையிலிருந்து பார்த்துவிட்டு வந்தோம்.

சான்சிபாரை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். நுங்விக்குப் பதிலாகக் கிழக்குக் கடற்கரையில் ஒரு விடுதி. வடமுனையில் எந்நேரமும் நீந்தலாம். கிழக்கே கடல் உள்வாங்கும்போது நெடுந்தூரம் வெறும் மணலும் பாறையும்தான். பெண்கள் அந்த நேரத்தில் குச்சி நட்டுக் கடற்பாசி வளர்ப்பார்கள். பார்க்க அழகான இடம், விரும்பிப் போகிறவர்களும் உண்டு. ஆனால் அம்மாவால் அந்தப் பாறைகளில் கால் வைக்க முடியவில்லை. அறை தோட்டத்தைப் பார்த்திருந்தது. அதற்கும் மேலாக, சென்னையிலிருந்து பாதித் தொகை வரவில்லை என்று சொல்லி வரவேற்பறையில் நிற்க வைத்தார்கள். மீதியை என் கார்டில் கட்டினேன். 2024 அக்டோபர் 1 முதல் சான்சிபார் செல்லும் வெளிநாட்டவருக்கு 44 டாலர் காப்பீடு கட்டாயம். "எல்லாம் சேர்த்துத்தான் சார்" என்ற அந்தத் தொகுப்பில் அதுவும் சேரவில்லை.

திரும்பி வந்து கேட்டபோது, ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியைக் காட்டினார்கள்: குறிப்பிட்ட விடுதி கிடைக்காவிட்டால் அதற்கு இணையானது தரப்படும். நதிக்கரைக்கு இணையாக நான்கு மணி நேரத் தொலைவா? அதைவிட எனக்கு ஆத்திரம் தந்தது இன்னொன்று. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கென, விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்ட வேண்டிய டி.சி.எஸ். வரியை எங்களிடம் பிடித்தார்கள், ரசீதிலும் தனி வரியாகக் காட்டினார்கள். என் பான் எண்ணில் செலுத்தப்பட்ட வரிகளைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-ஸில் அது இன்றுவரை வரவில்லை. நம்மிடம் அரசின் பெயரால் வாங்கிய பணம் அது. உங்கள் படிவத்தையும் எடுத்துப் பாருங்கள்.

இணையத்தில் எழுதிய விமர்சனத்தை நீக்கினால் ஒரு லட்சம் தருவதாகச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்தேன். அதற்கு நிறுவனம் பதிலே தரவில்லை. பிறகு திருச்சியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுத்தேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனம் எங்கே இருந்தாலும் நாம் வசிக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும்.

பணம் கட்டும் முன் விடுதியின் பெயரை மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். அது பூங்காவுக்கு உள்ளேயா வெளியேயா, எந்த நுழைவாயிலுக்கு அருகில் என்று எழுதி வாங்குங்கள். முன்பதிவு உங்கள் பெயரில் இருக்கிறதா என்று விடுதிக்கும் விமான நிறுவனத்துக்கும் நீங்களே நேரடியாக எழுதுங்கள். அருஷாவில் பயணத்தை நடத்தப் போகும் உள்ளூர் நிறுவனம் எது, அதற்குத் தான்சானிய அரசின் உரிமம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். எங்களிடம் கடைசிவரை அந்தப் பெயரை மறைத்தார்கள். இறுதித் தவணையைக் கொடுப்பதற்கு முன் பூங்காக் கட்டணங்கள் செலுத்தப்பட்டதற்கான ரசீது வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்க மறுப்பவர்களிடம் வாங்காதீர்கள்.

எங்களுக்குத் தந்த பயணத் திட்டம், கோரோங்கோரோ அனுமதிச்சீட்டு, விமான நிறுவனத்தின் பதில் ஆகியவற்றின் நகல்கள் என்னிடம் உள்ளன. இதே அனுபவம் உள்ளவர்களும், இப்போது முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களும் எழுதுங்கள். பெயர்களை மறைத்து அனுப்பி வைக்கிறேன்.