பார்க்கே கோப்புகளும் வெற்றுப் பெறுமானங்களும்: சில வருடப் பயன்பாட்டின் பின்

திருகோணமலையில் மீன் கொள்முதல் செய்யும் ஒரு நிறுவனத்தின் தரவுக் களஞ்சியத்தைச் சில வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். கொட்பே துறைமுகத்திலும் நிலாவெளி, கிண்ணியா, மூதூர், புல்மோட்டை ஆகிய இடங்களிலும் வாங்கப்படும் மீனின் இனம், நிறை, கொள்விலை, ஐஸ் செலவு ஆகிய விபரங்கள் கைபேசிச் செயலி வழியாகவும் எக்செல் தாள்களாகவும் வந்துசேரும். அவற்றை இரவில் பார்க்கே என்ற சேமிப்பு வடிவிலான கோப்புகளாக மாற்றி, திகதிவாரியான கோப்புறைகளில் இட்டு, ட்ரினோ, டக்டிபி என்ற வினவற் பொறிகளால் வினவுகிறோம். மாற்றும் வேலையைப் பெரும்பாலும் பாண்டாஸ் என்ற பைத்தன் நூலகமும், பெரிய தொகுதிகளுக்கு ஸ்பார்க் என்ற பகிர்வுக் கணிப்புப் பொறியும் செய்கின்றன. என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சேமிக்கும் வடிவம் என்ற அளவில் பார்க்கேயில் எனக்குக் குறையொன்றும் இல்லை. அதை வாசிக்கும் பொறிகள் பல, கேட்ட நிரல் (அட்டவணையின் நெடுக்கு வரிசை) கோப்பில் கிடைக்காதபோது பிழை என்று நிறுத்தாமல் வெற்றுப் பெறுமானத்தை (பெறுமானமே இல்லை என்பதைக் குறிக்கும் 'நல்') நிரப்பிக் கொடுத்துவிடுவதே இத்தனை காலத்தில் எனக்கு மிகுந்த வேலை வைத்தது.

ட்விட்டரும் கிளவுடெராவும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட பார்க்கே, தரவை நிரைநிரையாக அன்றி நிரல்நிரலாக அடுக்கி வைக்கிறது. வெற்றுப் பெறுமானம் அதில் ஒரு பெறுமானமாக எழுதப்படுவதே இல்லை. கூகுள் 2010இல் வெளியிட்ட ட்ரெமெல் ஆய்வுரையிலிருந்து பெறப்பட்ட முறைப்படி, ஒவ்வொரு இடத்திலும் பெறுமானம் உண்டா இல்லையா என்பதைக் காட்டும் ஒரு சிறிய எண் மட்டும் தனியே பதியப்படும். உள்ளவை மாத்திரம் தரவுப் பகுதிக்குள் போகும். கோப்பின் இறுதியில் உள்ள அடிக்குறிப்பில் நிரல்களின் பெயர், வகை, ஒவ்வொரு நிரைத்தொகுதியின் (பல நிரைகளைச் சேர்த்து வைக்கும் பகுதி) இடம் ஆகியனவும், எழுதிய மென்பொருள் சேர்த்திருந்தால் மிகக் குறைந்த, மிகக் கூடிய பெறுமானங்களும் வெற்றுகளின் எண்ணிக்கையும் இருக்கும். அதற்கும் பின்னால் அடிக்குறிப்பின் நீளம் நான்கு பைட்டிலும், 'பிஏஆர்1' என்ற நான்கு எழுத்துகளும் வரும்.

இந்த அடிக்குறிப்புத்தான் என் வேலையில் முதலில் திறக்கப்படும் இடம். கணக்குப் பகுதியிலிருந்து "ஆவணி மாத விலை முழுவதும் வெறுமையாக இருக்கிறது" என்று அழைப்பு வந்தால், வினவலைத் திருத்தி எழுதிப் பார்ப்பதற்கு முன்பே, சந்தேகத்துக்குரிய ஒரு கோப்பை எடுத்து, டக்டிபியின் பார்க்கே ஸ்கீமா, பார்க்கே மெட்டாடேட்டா என்ற இரண்டு சார்புகளையும் அதன்மேல் ஓட்டுகிறேன். முதலாவது நிரல்களின் பெயரையும் வகையையும் காட்டும். இரண்டாவது ஒவ்வொரு நிரைத்தொகுதியிலும் எத்தனை பெறுமானங்கள், அவற்றில் எத்தனை வெற்று என்பதைத் தரவைத் தொடாமலே சொல்லிவிடும். வெற்றுகளின் எண்ணிக்கையும் மொத்த எண்ணிக்கையும் சமமாக இருந்தால், கோப்பு எழுதப்படும்போதே விலை இல்லை. சிக்கல் மாற்றும் படிமுறையிலோ அதற்கும் முன்னாலோ இருக்கிறது. வெற்றுகள் பூச்சியம் என்று அடிக்குறிப்பு சொல்லியும் வினவலில் வெறுமை வந்தால், கோப்பில் தவறில்லை. அட்டவணையின் வரையறைக்கும் கோப்புக்கும் இடையில்தான் பிணக்கு. கட்டாய நிரலாக எழுதப்பட்ட ஒன்று வெறுமையாகத் தெரிந்தால் இன்னும் எளிது, ஏனெனில் அத்தகைய நிரலில் வெற்றுக்கு இடமே கிடையாது. இந்த ஒரு சோதனை பாதி வழக்குகளின் திசையைச் சில நொடிகளில் தீர்மானித்துவிடுகிறது.

பிணக்குகளில் மிகச் சாதாரணமானது ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு. செயலியை உருவாக்குவோருக்கு நிரற்பெயரின் நடுவில் ஒரு பெரிய எழுத்து வைப்பது பழக்கம். அட்டவணைகளின் வரையறைகளை வைத்திருக்கும் ஹைவ் பட்டியலோ எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்தாக்கியே வைத்துக்கொள்ளும். இரண்டையும் பொருத்தும் பொறி எழுத்தளவைக் கவனியாதுவிட்டால் சிக்கலில்லை. கவனித்தால் அந்த நிரல் முழுவதும் வெற்றாகிவிடும். ஸ்னோஃபிளேக் என்ற மேகத் தரவுக் களஞ்சியத்தில் பார்க்கே கோப்பின் உறுப்பை நேரடியாகப் பாதை கொடுத்து எடுக்கும்போது எழுத்தளவு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பிழைச்செய்தி எதுவும் வராது, வெற்றுத்தான் வரும். கோப்பில் சிறிய எழுத்தைத் தவிர வேறு எதையும் அனுமதிக்காமல் விடுவதே மலிவான தீர்வு.

நம்மவர்களுக்கே உரிய ஒரு வகை உண்டு. அதை எந்த ஆவணத்திலும் நான் வாசித்ததில்லை. பழைய எக்செல் தாள்கள் பாமினி என்ற யூனிகோடல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. பின்னர் மாற்றிகள் மூலம் யூனிகோடாக்கப்பட்டு, தலைப்புகள் தமிழிலேயே நிரற்பெயர்களாகக் கோப்புக்குள் போயின. 'கொள்விலை' என்ற தலைப்பு ஒருசில கோப்புகளில் மட்டும் வேலை செய்தது. மற்றவற்றில் அதே பெயரைக் கொடுத்தாலும் வெறுமையே வந்தது. திரையில் இரண்டு பெயர்களும் ஓர் அணுவளவும் வேறுபடவில்லை. பெயரின் நீளத்தைப் பைட்டில் எண்ணியபோதுதான் ஒன்று 24 ஆகவும் மற்றது 27 ஆகவும் இருந்தது தெரிந்தது. யூனிகோடில் 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக அடுத்தடுத்தும் எழுதலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட் எடுப்பதால் நீளம் மட்டும் மூன்று கூடிவிடுகிறது. எழுத்துருவின் வடிவங்களை ஒவ்வொன்றாக இடம் மாற்றும் மாற்றிகள் இரண்டாவது வகையை உண்டாக்கிவிடுகின்றன. ஓகாரமும் ஔகாரமும் இதே விதம்தான். ஔகாரத்தில் 'ள' என்ற எழுத்தையே போட்டுவிடுகிறவர்களும் இருப்பதால் அங்கே மூன்றாவது வடிவமும் வருகிறது, அதை எந்த ஒழுங்காக்கமும் சரிசெய்யாது. பைத்தனின் யூனிகோட் தொகுதியில், பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற ஒழுங்காக்கத்தை நிரற்பெயர்களுக்கு மட்டுமன்றி இடப்பெயர், மீனினப் பெயர் ஆகிய பெறுமானங்களுக்கும் போட்டபின், இணைப்பு வினவல்களில் வெறுமையாக வந்துகொண்டிருந்த பல நிரைகளும் தாமாகவே நிரம்பின. தமிழில் தரவு வைத்திருக்கும் எவரும் இதைக் கோப்பு எழுதுவதற்கு முன் செய்துவிடுவது நல்லது. எக்செல் யூடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது கோப்பின் தலையில் வைக்கும் கண்ணுக்குத் தெரியாத குறி முதல் நிரலின் பெயரோடு ஒட்டிக்கொள்வதும் இந்த இனத்தைச் சேர்ந்த தொல்லையே. முதல் நிரல் மாத்திரம் வெறுமையாக வந்தால் நான் வேறெதையும் பார்ப்பதில்லை.

நிரலின் பெயரை மாற்றுவது இன்னொரு நிரந்தரத் தொல்லை. 'ஐஸ்' என்றிருந்ததை 'ஐஸ் செலவு' என்று அட்டவணையில் மாற்றினால், பெயரை வைத்துப் பொருத்தும் பொறிக்குப் பழைய கோப்புகளில் அப்படியொரு நிரலே இல்லை. பழைய காலம் முழுவதும் வெற்றாகிவிடும். வரிசையை வைத்துப் பொருத்தினால் பெயர் மாற்றம் பாதிக்காது, ஆனால் நடுவில் ஒரு நிரலைச் செருகியவுடன் எல்லாம் ஓரிடம் தள்ளிப்போகும். அமேசானின் வினவற் சேவையான அதீனாவில் பார்க்கே இயல்பாகப் பெயரைக் கொண்டும், ஓஆர்சி என்ற இன்னொரு நிரல்வாரி வடிவம் வரிசையைக் கொண்டும் வாசிக்கப்படுவதால், ஒரே பழக்கத்தை இரண்டு வடிவங்களுக்கும் கொண்டுசெல்ல முடியாது. நெட்ஃப்ளிக்ஸில் தொடங்கி அப்பாச்சிக்கு வழங்கப்பட்ட ஐஸ்பெர்க் என்ற அட்டவணை வடிவம், ஒவ்வொரு நிரலுக்கும் மாறாத ஓர் இலக்கத்தைக் கொடுத்து இந்தச் சிக்கலை வேரோடு தீர்க்கிறது. ஆனாலும் ஏற்கெனவே உள்ள பார்க்கே கோப்புகளை அப்படியே ஐஸ்பெர்க் அட்டவணையில் சேர்த்தால், அவற்றில் அந்த இலக்கம் இராது. பெயர்ப் பொருத்தப் பட்டியல் ஒன்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

பல கோப்புகளை ஒன்றாக வாசிக்கும்போது டக்டிபியின் குணம் எனக்குப் பிடித்தது. ஒரு கோப்பில் நிரல் குறைந்தால் அது இயல்பாகவே பிழை சொல்லி நிற்கும். பெயரால் ஒன்றுசேர்க்கும்படி நாமாகக் கேட்டால் மட்டும் வெற்றிட்டு நிரப்பும். ஸ்பார்க் 1.5 பதிப்பிலிருந்து கோப்புகளின் வரையறைகளை இயல்பாக ஒன்றுசேர்ப்பதில்லை என்பதால், சில கோப்புகளில் மட்டும் உள்ள நிரல் அட்டவணையிலேயே தோன்றாமலும் போகலாம். ஒரு பக்கம் பிழை, ஒரு பக்கம் மௌனம். பிழை சொல்வதற்கே என் வாக்கு.

வகை மாற்றம் பற்றியும் சொல்ல வேண்டும். தாளில் விலை '1,250.00' என்று காற்புள்ளியோடு எழுத்தாக வந்திருந்தால், அதை எண்ணாக்கச் சொன்ன ஸ்பார்க் நெடுங்காலமாக வெற்றையே தந்தது. 2025இல் வந்த 4.0 பதிப்பில், எஸ்கியூஎல் தரத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றும் ஆன்சி முறை இயல்பானதாக்கப்பட்டதன் பின்னரே அது பிழை சொல்கிறது. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று, ஆயிரத்துக்குக் குறைந்த விலைகளில் காற்புள்ளி இல்லாததால் அவை ஒழுங்காக மாறிவிடும் என்பது. சாளையும் நெத்தலியும் விலையோடு நிற்க, விளைமீனுக்கும் அறக்குளாவுக்கும் மட்டும் விலை காணாமற்போகும். வெறுமைகள் ஒரு விலைக்கு மேல் மட்டுமே தொடங்குகின்றனவா என்று பார்ப்பது இதற்கு நல்ல சோதனை. பாண்டாஸ் முழு எண் நிரலில் ஒன்று விடுபட்டாலும் முழு நிரலையும் தசம எண்ணாக்கி, விடுபட்ட இடத்தில் 'எண் அல்ல' என்ற குறியை வைக்கிறது. அந்தக் குறி வெற்றுப் பெறுமானமாக மாற்றப்படாமல் கோப்புக்குள் போய்விட்டால், வெற்றுகளை விலக்கும் நிபந்தனையில் அது சிக்காது, சராசரியையும் கெடுக்கும்.

கோப்பில் எல்லாம் சரியாக இருந்தும் வெறுமை வரும் இடம் நேரம். படகுகள் பல விடியுமுன்னரே கரை சேரும். இலங்கை நேரம் சர்வதேச நேரத்தைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருப்பதால், அதிகாலை 4.30க்கு இறக்கப்பட்ட மீன் சர்வதேச நேரப்படி முதல்நாள் இரவு 11 மணிக்கு உரியதாகப் பதியப்படும். அந்த நேரத்திலிருந்து திகதியை வெட்டியெடுத்து நாளாந்த விலைப்பட்டியலோடு இணைத்தால், திங்கட்கிழமைக் காலை மீன் ஞாயிற்றுக்கிழமையின் விலையைத் தேடும்; ஞாயிறு பட்டியல் இல்லாத இடங்களில் விலை வெறுமையாகும். காலை 5.30க்குப் பின் வந்தவை சரியாக இணைந்துவிடுவதால், தரவு பாதி சரி, பாதி பிழை என்று தோன்றி ஆளை அலைக்கழிக்கும். திகதியை இலங்கை நேரத்தில் தனி நிரலாக எழுதிவைத்த பின்னர் இது வரவில்லை.

கோப்புறை வாரியாகப் பிரித்து வைப்பவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: ஹைவ் முறையில் பிரிப்புக்குரிய திகதி கோப்புக்குள் எழுதப்படுவதில்லை, கோப்புறையின் பெயரில் மட்டுமே இருக்கும். தனிக் கோப்பை வேறோர் இடத்துக்கு நகலெடுத்து வாசித்தால் அந்த நிரல் இராது. திகதியே இல்லாத நிரைகள் ஹைவ் தானாகப் பெயரிடும் ஒரு கோப்புறைக்குள் ஒதுங்கிவிடும். நான் கிழமைக்கு ஒருமுறை அதைத் திறந்து பார்ப்பதுண்டு.

இவையெல்லாம் பிழையான வெறுமைகள். சரியான வெறுமையும் உண்டு என்பதைக் கணக்குப் பகுதிக்கு விளக்குவதுதான் கடினமாக இருந்தது. வாடைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும் நாட்களில் சிறு படகுகள் இறங்குவதில்லை. அன்றைய நிறை பூச்சியமா, வெற்றா? படகு போகவில்லை என்று நிலையப் பொறுப்பாளர் பதிந்திருந்தால் பூச்சியம். பதிவே வரவில்லை என்றால் வெற்று. சராசரி காணும் சார்பு வெற்றுகளை ஒதுக்கிவிட்டுப் பூச்சியங்களைச் சேர்த்துக்கொள்வதால், இந்த ஒரு தீர்மானம் மார்கழி மாதச் சராசரியை முற்றாக மாற்றும். எனவே வெற்றுகளைப் பூச்சியமாக்கி அறிக்கை தரும்படி கேட்கப்பட்டபோது நான் மறுத்துவிட்டு, 'கடலுக்குப் போகவில்லை' என்ற தெரிவைச் செயலியில் சேர்க்கச் சொன்னேன். அது வந்த பிறகு இந்த வாக்குவாதம் ஓய்ந்தது.

இன்று ஒவ்வொரு கோப்பும் களஞ்சியத்துக்குள் நுழையுமுன் அதன் அடிக்குறிப்பு ஓர் எதிர்பார்ப்புப் பட்டியலோடு ஒப்பிடப்படுகிறது. பெயர் பிசகினாலோ, வகை மாறினாலோ, விலை நிரலில் வெற்றுகளின் பங்கு வழமையைவிட ஏறினாலோ கோப்பு வெளியே நிற்கும். இதற்கான பைத்தன் கோவை மிகச் சிறியது. எங்கள் அளவிலுள்ள நிறுவனங்களுக்கு டக்டிபியும் பார்க்கேயும் போதும் என்பேன். ட்ரினோவை நாங்கள் வைத்திருப்பது கொழும்பு அலுவலகமும் ஒரே நேரத்தில் வினவுவதற்காகவே. பழைய கோப்புகளைத் திருப்பி எழுதவில்லை. அவற்றின் மேல் பழைய பெயரையும் புதிய பெயரையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு பார்வை அட்டவணை இருக்கிறது. அது மெதுவானது, ஆனால் கணக்காய்வாளர் கேட்டால் மூலக் கோப்பை அப்படியே காட்ட முடிகிறது.