செட்டில்மென்ட் லெட்டர் கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்

கிரெடிட் கார்டு பாக்கியில் தகராறு, பணம் கட்டிப் பல மாதம் ஆகிவிட்டது என்றால், மாதக் கடைசியில் வசூல் ஏஜென்சியிலிருந்து இப்படி ஒரு போன் வரும்: "சார், அவுட்ஸ்டாண்டிங் 1,20,000 காட்டுது. இன்னிக்கு சாயங்காலம் 5 மணிக்குள்ள 45,000 கட்டிடுங்க, குளோஸ் பண்ணிடலாம். லெட்டர் ரெண்டு நாள்ல வந்துடும்." இப்படிக் குறைந்த தொகைக்குக் கடனை முடிப்பதுதான் செட்டில்மென்ட், அதை வங்கி எழுத்தில் ஒப்புக்கொள்வதுதான் அந்த லெட்டர். நம்பிக் கட்டியவருக்கு லெட்டர் வராது. சில மாதம் கழித்து வேறொரு ஏஜென்சி கூப்பிடும்: பாக்கி 75,000, வட்டி தனி.

லெட்டர் இல்லாமல் கட்டிய 45,000 வங்கிக் கணக்கில் வெறும் பகுதிப் பணம்தான். பெரும்பாலும் அபராதத்துக்கும் வட்டிக்கும் போக மிச்சமிருந்தால்தான் அசலில் கழியும். போனில் பேசிய ஆளுக்குத் தள்ளுபடி தரும் அதிகாரமே கிடையாது, அது வங்கியிடம் இருக்கிறது. அவருக்கு அந்த மாத டார்கெட் முடிந்தால் போதும் (28, 29 தேதிகளில் பேச்சில் தேன் ஒழுகுவது அதனால்தான்). பணத்தை அவருடைய சொந்த ஜிபே எண்ணுக்கு அனுப்பியிருந்தால் அந்தப் பகுதிப் பணம்கூட வரவாகியிருக்காது.

லெட்டர் வந்தாலும் வரி விடாமல் படியுங்கள். வங்கியின் சொந்த இமெயில் முகவரியிலிருந்து வந்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் பிடிஎஃப் என்றால் கஸ்டமர் கேரில் கேட்டு உறுதி செய்யுங்கள். கார்டு எண்ணின் கடைசி நாலு இலக்கம், தொகை, கட்ட வேண்டிய தேதி, இது முழுமையான இறுதித் தீர்வு, இதற்குமேல் எதுவும் கோரமாட்டோம் என்ற வாசகம், இத்தனையும் வேண்டும். கடைசிப் பத்தியைப் பொடி எழுத்தாயிற்றே என்று தாண்டிவிடாதீர்கள். ஒரு தவணை தேதி தப்பினாலும் சலுகை ரத்து, கட்டியதெல்லாம் மொத்தப் பாக்கியில் கழிக்கப்படும் என்பது அங்கேதான் இருக்கும். அதனால் கையில் இருக்கும் தொகைக்கு ஒரே தடவையில் முடிப்பதே நல்லது. நேராக அந்தக் கார்டு கணக்குக்கே கட்டுங்கள்.

தவணைக்கு வரப்போகும் தேதி போட்ட செக் கேட்டால் கொடுக்காதீர்கள். கடன் பாக்கி சிவில் விவகாரம். செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவில் கிரிமினல் வழக்கு. வங்கிக் கணக்கில் தானாகப் பிடிக்கச் சொல்லித் தரும் உத்தரவு (பழைய இசிஎஸ், இப்போது நாச்) திரும்பினாலும் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்கீழ் அதே கதிதான்.

"அவகாசம் வேணும்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்பதும் பொறிதான். இத்தகைய கடனுக்கு வழக்குப் போட 3 வருடம் காலவரம்பு. அதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்திட்டால் 3 வருடம் புதிதாகத் தொடங்கும். காலம் கடந்தபின் "கட்டுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், செத்த கடனுக்கு உயிர் வந்துவிடும்.

தொகையே தப்பு என்றால் செட்டில்மென்ட் பேச்சை எடுக்காமல் முதலில் தகராறை எழுத்தில் வையுங்கள். தொடக்கம் முதல் ஸ்டேட்மென்ட், வட்டி, தாமதக் கட்டணம் தனித்தனியாகக் கேளுங்கள். வங்கியின் தவறுக்கு நீங்கள் செட்டில் செய்துகொண்டால் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'குளோஸ்டு' (முழுதும் கட்டி முடிந்தது) வராது, 'செட்டில்டு' (குறைத்துக் கட்டியது) என்றுதான் வரும். அடுத்து வீட்டுக்கடன் கேட்கப் போகும்போது அந்த ஒரு சொல் குறுக்கே நிற்கும். அறிக்கையில் பிழை இருந்தால் திருத்தக் கேளுங்கள். 30 நாளைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

வங்கிக்கு எழுதி 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கி ஒம்பட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகாரை விசாரிப்பவர்) போகலாம், கட்டணம் இல்லை. 14448-இல் விவரம் கேட்கலாம். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காக ஏஜென்ட் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இலேயே சொல்லியிருக்கிறது. மீறினால் கால் லாக் ஸ்க்ரீன்ஷாட்டைப் புகாரோடு சேருங்கள்.

கட்டி முடித்தபின் பாக்கி இல்லை என்ற நோ டியூஸ் சான்றிதழ் வாங்கி, செட்டில்மென்ட் லெட்டர், பணம் போன ஸ்டேட்மென்ட் பக்கம் இரண்டோடும் ஒரே கோப்பில் வையுங்கள். பழைய பாக்கிகளை மொத்தமாக வேறு நிறுவனத்துக்கு விற்பது உண்டு. புது ஆள் கூப்பிட்டால் வாக்குவாதம் வேண்டாம், மூன்றையும் இமெயிலில் அனுப்பி, பெற்றுக்கொண்டதாகப் பதில் கேளுங்கள்.