சோலார், பேட்டரி, டீசல்: மூன்றையும் கட்டி மேய்த்த ஒரு வருடம்

மின்கம்பி இழுக்க வழியே இல்லாத இடம் எங்களுடையது. அதனால் 5 கிலோவாட் சோலார், 48 வோல்ட் லித்தியம் பேட்டரி, ஒரு டீசல் ஜெனரேட்டர், மூன்றையும் கட்டி மேய்க்க ஒரு ஹைபிரிட் இன்வெர்ட்டர் என்று முழு செட்டாக வாங்கிப் போட்டு ஒரு வருடம் ஆகிறது.

முன்பெல்லாம் நாலு பல்புக்கும் ஒரு ஃபிரிட்ஜுக்கும் ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்கும். அப்படி லோடு குறைவாகவே ஓட்டினால் டீசல் சரியாக எரியாமல் சைலன்சர் வழியாகக் கறுப்புப் பிசுக்கு வழியும். எங்களுக்கும் வழிந்தது, சுவரெல்லாம் கறை. இப்போது பேட்டரி 20 சதவீதத்துக்கு இறங்கினால்தான் ஜெனரேட்டர் தானாகக் கிளம்பும், நல்ல லோடில் ஓடி பேட்டரியை ஏற்றிவிட்டு அணைந்துவிடும். வெயில் நாட்களில் அதற்கு வேலையே இல்லை. ராத்திரி தவளைச் சத்தம் கேட்கிறது!

சரி, குறை? தண்ணீர் மோட்டார்தான். அது கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு கரன்ட் இழுக்கும் என்று விற்றவர் வாயே திறக்கவில்லை, முதல் வாரமே இன்வெர்ட்டர் ஓவர்லோட் காட்டி பீப் பீப் என்று அலறி நின்றுவிட்டது. மோட்டாரை மெல்ல மெல்லக் கிளப்பிவிடும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் போட்ட பிறகுதான் அடங்கியது. அப்புறம், நாலு நாள் தொடர்ந்து மேகமூட்டம் என்றால் டீசல் கேனைத் தேடத்தான் வேண்டும். 'இனி டீசலே வேண்டாம்' என்று விற்றவர் சொன்னதெல்லாம் சும்மா. ஒரு தடவை பழுதானபோது சர்வீஸ் ஆள் வர மூன்று வாரம் ஆனது, வந்து மாற்றியது ஒரே ஒரு ஃபியூஸ். வாங்குகிறவர்கள் அதில் நாலைந்து கூடவே கேட்டு வாங்கிவிடுங்கள்.