480 வெள்ளி வாங்கிட்டு பழைய பேரிங்கையே துடைச்சு மாட்டிக் கொடுத்திருக்கான்

சிங்கப்பூர்ல ஃபுல் சஸ்பென்ஷன் மவுண்டன் பைக் வச்சிருக்கிற நம்ம ஆளுங்க தயவுசெஞ்சு படிங்க. கடை பேரு போடலை. ஆன்லைன் விளம்பரம் பார்த்துப் போனேன், தொழிற்பேட்டைக் கட்டடம் ஒண்ணுல மாடியில இருக்கிற சின்னப் பட்டறை. அவ்வளவுதான் சொல்வேன்.

பின் சக்கரத்தைப் பக்கவாட்டுல ஆட்டினா டக் டக்னு ஆட்டம். செஸ்ட்நட் டிரெயில்ல ஏத்தம் வந்தாலே கிரீச் கிரீச். இந்த ஊர் மழைக்கும் சேத்துக்கும் பிவட் பேரிங் (ஃபிரேமோட பின் பக்கம் மேல கீழ அசையுற மூட்டுல இருக்கிறது) போறது சகஜம்தான், எட்டையும் ஒண்ணா மாத்திடலாம்னு கொண்டு போனேன்.

அந்த ஆளு பேசின பேச்சு இருக்கே! தமிழ்லயே பேசினார். "தம்பி, பிவட் முழுசா சுத்தாது, கொஞ்சம் முன்ன பின்ன அசையும், அவ்வளவுதான். பாரம் எப்பவும் அதே சில குண்டு மேலதான் விழும். சாதா பேரிங் தாங்காது. குண்டுங்களைப் பிரிச்சு வைக்கிற கேஜ் இல்லாம உள்ள முழுக்கக் குண்டு நிரப்பின மேக்ஸ் பேரிங்தான் போடணும்"னார். பேச்சுல ஒரு தப்பு கிடையாது. டப்பாவைத் திறந்து புது பேரிங்கை என் கையிலயே வச்சார். இவ்வளவு தெரிஞ்ச மனுஷன் ஏமாத்துவான்னு யாருக்குத் தோணும்? கூலியோட 480 வெள்ளி. அப்பவே பேநவ்ல (ஃபோன்லயே பேங்க் வழியா பணம் அனுப்புறது) வாங்கிக்கிட்டார்.

வண்டி பளபளன்னு வந்துச்சு. அடுத்த மழையிலயே பழைய சத்தம். ஃபோன் போட்டா "புது பேரிங் கொஞ்சம் செட்டாகணும் தம்பி". அப்புறம் "சத்தம் பிவட்ல இல்ல, பெடல் அச்சு சுத்துற பாட்டம் பிராக்கெட்ல, அதுக்கு இன்னொரு 90 ஆகும்". அதுக்கப்புறம் "மண்ணுல ஓட்டினா வாரண்டி கிடையாது". மவுண்டன் பைக்கை மண்ணுல ஓட்டாம ஆர்ச்சர்ட் ரோட்டுலயா ஓட்டுவாங்க? கடைசியா வாட்ஸ்அப்புல நீல டிக் மட்டும்தான்.

நண்பர் வீட்டுல ஷாக்கைக் கழட்டிட்டு பின் பக்கத்தைக் கையால தூக்கினோம். மணலை அரைக்கிற மாதிரி இருந்துச்சு. ராக்கர்ல (ஷாக்கோட சேர்ந்து அசையுற இணைப்புக் கை) இருந்த நாலும் பழசு, சீல் மேல துடைச்சு கிரீஸ் தடவியிருக்கான். சீலை பிளேடால நெம்பினா உள்ள துரு! மெயின் பிவட்ல மட்டும் புதுசு, அதுவும் 6902 சைஸ்ல சாதா பேரிங், கேஜ் நல்லாவே தெரியுது. மெல்ல அழுத்தி இறக்குற பிரஸ் கருவியை வைக்காம சுத்தியலால அடிச்ச தழும்பு உள் வளையத்துல இருக்கு. வெளி வளையத்துலதான் அழுத்தணும்; உள்ள அடிச்சா அந்த அடி குண்டு வழியாப் போய், குண்டு ஓடுற தடத்துல பள்ளம் விழுந்துடும். ஒண்ணு கோணலா ஏறினதுல ஃபிரேம் துளையே தேஞ்சுபோச்சு. நண்பர்கிட்ட இருந்த புது பேரிங்கை அதுல வச்சா, விரலால தள்ளினாலே உள்ள போகுது. 480 வெள்ளி ஒரு பக்கம் கிடக்கட்டும், இந்த ஃபிரேமுக்கு யார் பதில் சொல்றது?

ஏமாறாம இருக்க என்னென்ன செய்யணும்னு விலாவாரியா எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்துல ஒண்ணும் ஓடலை. கழட்டின பழைய பேரிங் எட்டையும் கேட்டு வாங்குங்க. புதுசுல மேக்ஸ்னு போட்டிருக்கான்னு பார்த்து, மாட்டுறதுக்கு முன்னாடியே போட்டோ எடுங்க. பிரஸ்ஸும், போல்ட்டை அளவா இறுக்குற டார்க் ரெஞ்சும் கடையில இருக்கான்னு கண்ணால பாருங்க. ஷாக் மாட்டும் முன்னாடி பின் பக்கத்தை அசைச்சுக் காட்டச் சொல்லுங்க. முழுக்காசை முன்னாடியே கொடுக்காதீங்க.

ரசீது கேட்டதுக்கு "பிரிண்டர் ரிப்பேர்"னு சொன்னான். பேநவ் பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் என்கிட்ட பத்திரமா இருக்கு. சின்னத் தொகை வழக்குகளைப் பார்க்கிற ஸ்மால் கிளைம்ஸ் தீர்ப்பாயத்துல போட 10 வெள்ளிதான், இன்னிக்கு ராத்திரியே போடுறேன். 480ல ஒரு காசு குறைச்சு வாங்க மாட்டேன்.