யோசனை நுட்பங்கள்: பல வருடம் பயன்படுத்திய பிறகு கையில் தங்கியவை

யோசனை வராமல் முட்டிக்கொண்டு நிற்கும்போது கைகொடுக்கும் என்று சொல்லப்படும் நுட்பங்களுக்குப் பஞ்சமே இல்லை. மூளைப்புயல், ஆறு தொப்பிகள், ஸ்கேம்பர், மன வரைபடம், ட்ரிஸ் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். நான் வீட்டு உபயோகச் சாதனங்களுக்குப் பயன்பாட்டுக் கையேடு தயாரிக்கும் ஒரு சிறிய குழுவில் வேலை செய்கிறேன். பல வருடங்களாக இவற்றை அன்றாட வேலையிலேயே போட்டுப் பார்த்து வருகிறேன். பயிற்சி வகுப்பில் ஜாலியாக ஒரு மணி நேரம் செய்து பார்ப்பது வேறு, நாளைக்குள் ஒரு வழி சொல்லியாக வேண்டும் என்ற நெருக்கடியில் கையில் எடுப்பது வேறு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த நுட்பமும் யோசனையைத் தட்டில் வைத்துத் தருவதில்லை. முதலில் தோன்றியதை எடுத்துக்கொண்டு நாம் எழுந்து போய்விடாமல் பிடித்து உட்கார வைக்கிறது, அவ்வளவுதான். அந்த வேலையை எவை நன்றாகச் செய்தனவோ அவை என்னிடம் தங்கிவிட்டன.

முதலில் தோன்றியது ஏன் இவ்வளவு பிடிவாதமாக ஒட்டிக்கொள்கிறது? உளவியலாளர் கார்ல் டங்கரின் மெழுகுவத்திச் சோதனையைப் படித்தபோது எனக்கு அது தெளிவானது. ஒரு மெழுகுவத்தி, தீக்குச்சிகள், ஒரு பெட்டி நிறையச் சிறு ஆணிகள். மெழுகுவத்தியைச் சுவரில் நிறுத்த வேண்டும், மெழுகு கீழே மேசையில் சொட்டக்கூடாது. ஆணிகளைக் கொட்டிவிட்டு, காலிப் பெட்டியைச் சுவரில் அடித்து, அதையே மெழுகுவத்திக்குத் தாங்கியாக்கினால் முடிந்தது. ஆனால் பெட்டிக்குள் ஆணிகள் இருக்கும்போது பலருக்கு இது தோன்றுவதே இல்லை. ஆணிகளை வெளியே வைத்துப் பெட்டியைக் காலியாகக் கொடுத்தால் சட்டென்று தோன்றிவிடுகிறது. பொருட்கள் அதேதான், மூளையும் அதேதான். பெட்டி கண்ணில் பட்ட விதம் மட்டும் மாறியிருக்கிறது. நல்ல நுட்பம் என்று நான் சொல்வது, அந்தப் பெட்டியைக் காலி செய்து கொடுப்பதைத்தான்.

சரி, எல்லோருக்கும் தெரிந்த மூளைப்புயலில் இருந்து தொடங்கலாம். குழுவாக உட்கார்ந்து யோசனைகளைக் கொட்டுவதற்கு, விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்பார்ன் உருவாக்கிய முறை இது. அவர் வைத்த விதிகள் நான்கு: விமர்சனத்தைத் தள்ளிப்போடு, கிறுக்குத்தனமானதையும் வரவேற்பு கொடுத்துக் கேள், எண்ணிக்கையைக் கூட்டு, அடுத்தவர் சொன்னதோடு சேர்த்து வளர்த்தெடு. இதில் முதல் விதியை மட்டும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மீட்டிங் அறையில் நடப்பது என்னவோ, குரல் பெரிதாக உள்ள இரண்டு பேர் பேச, மற்றவர்கள் தலையாட்டுவது. 1958-லேயே யேல் பல்கலைக்கழகத்தில் டெய்லர், பெர்ரி, பிளாக் என்ற மூவர் இதைச் சோதித்திருக்கிறார்கள். நான்கு பேர் கூடி யோசித்ததைவிட, வேறு நான்கு பேர் தனித்தனியாக யோசித்ததைக் கூட்டிப் பார்த்தபோது யோசனைகள் அதிகம் இருந்தன. 1987-இல் டீல், ஸ்ட்ரோப என்ற இருவர் அதற்கான முக்கியக் காரணத்தையும் காட்டினார்கள்: ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது, அந்தக் காத்திருப்பிலேயே யோசனை அறுந்துபோகிறது. மீட்டிங்கில் உட்கார்ந்த யாருக்கும் இது புதிதாக இருக்காது. நம் முறை வரும்வரை சொல்ல வந்ததை மறக்காமல் பிடித்து வைத்திருப்பதிலேயே கவனம் முழுக்கப் போய்விடும். அப்புறம் எங்கே புதிதாக யோசிப்பது?

அதனால் எங்கள் குழுவில் வாயை மூடிக்கொண்டு எழுதும் முறைக்கு மாறினோம். 1968-இல் பெர்ன்ட் ரோர்பாக் என்ற ஜெர்மானியர் வெளியிட்ட 6-3-5 முறை அது. ஆறு பேர், ஆளுக்கு மூன்று யோசனை, ஐந்து நிமிடம். நேரம் முடிந்ததும் தாளைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ள வேண்டும், அவர் மேலே இருப்பதைப் படித்துவிட்டுக் கீழே மூன்று எழுதுவார். ஆறு சுற்று முடிந்தால் அரை மணி நேரத்தில் 108. காகிதத்தில் இந்தக் கணக்கு அழகாக இருக்கிறது. நடைமுறையில் முதல் சுற்றில் எல்லாத் தாளிலும் ஒரே விஷயம்தான் இருக்கும், அது இயல்பு. எல்லோரும் சுலபமானதைக் கொட்டித் தீர்க்கும் சுற்று அது. மூன்றாவது சுற்றில் இருந்துதான் கதை மாறும்.

ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். கார்பன் வடிகட்டி உள்ள ஒரு தண்ணீர் சுத்திகரிப்பான். புது வடிகட்டியில் ஒட்டியிருக்கும் கரித்தூள் முதலில் வரும் தண்ணீரோடு கலந்து வரும், அதனால் முதல் தொட்டித் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட வேண்டும். கையேட்டில் அது தெளிவாகவே எழுதியிருந்தது. ஆனாலும் “தண்ணீர் கறுப்பாக வருகிறது” என்று புகார் அழைப்புகள் வந்தபடி இருந்தன. தாளின் தலைப்பில் “வாடிக்கையாளர்களைக் கையேடு படிக்க வைப்பது எப்படி?” என்று எழுதிச் சுற்றில் விட்டோம். முதல் வரிசையில் பெரிய எழுத்து, சிவப்பு மை, வீடியோ. இரண்டாவது வரிசையில் பெட்டியின் மேல் ஸ்டிக்கர், கைபேசிக்குக் குறுஞ்செய்தி. மூன்றாவது வரிசையில் ஒருவர் யோசனை எழுதாமல் கேள்வி எழுதியிருந்தார்: “எதையுமே படிக்காத ஆள்கூடக் கட்டாயம் தொடும் இடம் எது?” அதற்குக் கீழே அடுத்தவர் ஒரே சொல் எழுதியிருந்தார்: “குழாய்.”

அந்த இடத்தில் எங்கள் கேள்வியே மாறிவிட்டது. படிக்க வைப்பது எப்படி என்பது போய், படிக்காமலே சரியாகச் செய்ய வைப்பது எப்படி என்று வந்து நின்றது. பேசிக்கொண்டிருந்தால் அந்த மூன்றாவது வரிசை வந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன். அதை எழுதியவர் கூட்டத்தில் அதிகம் வாய் திறக்காதவர். ஒரு சின்ன நடைமுறைக் குறிப்பு: பின் சுற்றுகளில் படிக்கவே நேரம் போய்விடும், ஐந்து நிமிடம் போதாது. நாங்கள் சுற்றுக்குச் சுற்று நேரத்தைக் கூட்டிக்கொள்கிறோம். நான்கு பேர் இருந்தாலும் தாராளமாகச் செய்யலாம். பெயர் எழுதாமல் இருப்பது முக்கியம், இல்லாவிட்டால் மேலாளர் எழுதிய வரிக்குக் கீழே எல்லோரும் ஆமாம் போடுவார்கள்.

இதற்கு அடுத்தபடியாக நான் அதிகம் எடுப்பது தலைகீழ்க் கேள்வி. “கையேட்டை ஒருத்தரும் படிக்கக்கூடாது, அதற்கு என்னென்ன செய்யலாம்?” என்று கேட்டால் அறையே கலகலப்பாகிவிடும். தெர்மாகோலுக்கு அடியில் ஒளித்து வை, முதல் பத்துப் பக்கமும் எச்சரிக்கையாகவே போடு, ஒரே படத்தில் மூன்று மாடல்களையும் காட்டு, எழுத்தைப் பொடியாக்கு. பத்து நிமிடத்தில் தாள் நிறைந்துவிடும். அப்புறம் சந்தையில் கிடைக்கும் எந்தக் கையேட்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், பட்டியலில் பாதி அதில் இருக்கும். நல்லது எது என்று கேட்டால் தயங்குகிறவர்கள் கெட்டது எது என்று கேட்டால் கொட்டுவார்கள். ஆனால் இதோடு நிறுத்தினால் பயனில்லை. ஒவ்வொரு வரியையும் மறுபடி திருப்பிப் போட வேண்டும், அந்தத் திருப்பலும் நேர் எதிராக இருக்க வேண்டியதில்லை. “அடியில் ஒளித்து வை” என்பதன் மறுபக்கம் “மேலே வை” மட்டும் அல்ல. தனியாக ஒரு தாளாகவே இல்லாமல் சாதனத்தின் மேலேயே அச்சிடுவதும் அதில் அடங்கும்.

தற்செயல் சொல் முறையைப் பற்றிப் பலருக்கு இளக்காரம் இருக்கிறது. எட்வர்ட் டி போனோ பரப்பிய முறை. அகராதியைக் கண்ணை மூடிப் பிரித்து, விரல் பட்ட பெயர்ச்சொல்லை எடுத்து, அதைப் பிரச்சினையோடு முடிச்சுப் போட வேண்டும். குழுவில் இது எங்களுக்குச் சரிப்பட்டதே இல்லை, சொல் வந்ததும் அரட்டை தொடங்கிவிடும். தனியாக உட்கார்ந்தால் நன்றாக வேலை செய்கிறது, ஒரு நிபந்தனையோடு. பிடிக்காத சொல் வந்தால் அடுத்ததற்குத் தாவக்கூடாது. தாவினால், ஏற்கெனவே மனதில் இருக்கும் யோசனைக்குத் தோதான சொல் வரும்வரை தாவிக்கொண்டே இருப்போம். குழாய் விஷயத்தில் எனக்குக் கிடைத்த சொல் “தாழ்ப்பாள்”. அதன் குணங்களை எழுதினேன்: விலக்காமல் கதவு திறக்காது, விலக்கும்போது கை அதன் மேல் இருக்கும், கை இருக்கும் இடத்தில் கண்ணும் இருக்கும். அதில் இருந்து வந்ததுதான் குழாயின் கைப்பிடியைச் சுற்றி ஒட்டும் காகிதப் பட்டை. கிழிக்காமல் குழாய் திறக்காது. பட்டையில் ஒரே வரி: “முதல் தொட்டித் தண்ணீரைக் கீழே ஊற்றவும்.” அது வந்த பிறகு அந்தப் புகார் வெகுவாகக் குறைந்துவிட்டது.

ட்ரிஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்த்ததும் பயமுறுத்தும். சோவியத் கடற்படையில் கண்டுபிடிப்புகளைப் பரிசீலிக்கும் பிரிவில் இருந்த கென்ரிக் அல்ட்ஷுல்லர் 1946 வாக்கில் தொடங்கி, ஏராளமான காப்புரிமை ஆவணங்களை ஆராய்ந்து உருவாக்கிய, பிரச்சினை தீர்க்கும் முறை அது. 40 கோட்பாடுகள், 39 அம்சங்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்த ஒரு பெரிய அட்டவணை. இயந்திரங்கள் வடிவமைப்பவர்களுக்கு அந்த அட்டவணை உதவலாம், என் வேலைக்கு அது பொருந்தவில்லை. ஆனால் அதன் அடிப்படை எண்ணம் மற்ற எல்லா நுட்பத்தையும்விட ஆழமானது என்பேன். கடினமான பிரச்சினை எதிலும் ஒரு முரண் இருக்கும், அதில் பாதிக்குப் பாதி சமரசம் செய்துகொள்ளாமல் முரணையே கலைக்கப் பார் என்கிறது. எங்கள் முரண்: கையேடு சின்னதாக இருக்க வேண்டும், எல்லாமும் அதில் இருக்க வேண்டும். சமரசம் செய்தால் நடுத்தர அளவில் ஒரு கையேடு வரும், அது யாருக்கும் உதவாது. ட்ரிஸ் கேட்கச் சொல்வது: இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வேண்டுமா? இல்லையே. முதல் நாள் வேண்டியது நான்கு படங்கள். வடிகட்டி மாற்றும் விவரம் மாதங்கள் கழித்து, மூடியைத் திறக்கும்போதுதான் வேண்டும். ஆக முதல் நாள் விஷயம் ஒரு அட்டையில், மாற்றும் விவரம் மூடியின் உள்பக்கத்தில், மீதி பின்னால் தேவைப்படும்போது எடுக்கும் புத்தகத்தில். காலத்தாலும் இடத்தாலும் பிரித்தோம், முரண் காணாமல் போயிற்று. அந்த 40 கோட்பாடுகளையும் படிக்க நேரமில்லாதவர்கள் இந்த ஒரு கேள்வியை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேம்பர் ஆஸ்பார்னின் கேள்விப் பட்டியலை பாப் எபர்லே சுருக்கிக் கோத்தது. மாற்றிவை, சேர், வேறொன்றைத் தழுவிச் செய், திருத்து, வேறு வேலைக்குப் பயன்படுத்து, நீக்கு, தலைகீழாக்கு என்று ஏழு. ஏழையும் வரிசையாகப் போட்டால் சலிப்புத்தான் மிஞ்சும். “நீக்கு” ஒன்று போதும், அதில் பாதி வேலை முடிந்துவிடும். இந்தப் பக்கமே இல்லாவிட்டால் யாருக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத பக்கங்களை எடுத்துவிடலாம்.

ஆறு தொப்பிகளை யோசனை பிறக்க வைக்கும் கருவியாக நான் கருதவில்லை. யோசனைகள் வந்த பிறகு எதை எடுப்பது என்று முடிவு செய்ய அது அருமையான ஏற்பாடு. தொப்பியின் நிறம் ஒவ்வொன்றும் ஒரு வகை யோசிப்பைக் குறிக்கும்: வெள்ளை தகவலுக்கு, சிவப்பு உணர்வுக்கு, கறுப்பு ஆபத்துக்கு, மஞ்சள் நன்மைக்கு, பச்சை புதிய யோசனைக்கு, நீலம் கூட்டத்தை நடத்துவதற்கு. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே தொப்பியில் இருக்க வேண்டும் என்பதுதான் இதன் உயிர். ஆளுக்கொரு தொப்பி கொடுத்துவிடுவது பரவலாக நடக்கிறது, அது வெறும் பட்டிமன்றமாகிவிடும். எங்களிடம் மூத்தவர் ஒருவர் எதைச் சொன்னாலும் “இது நடக்காது” என்பார். தொப்பிகள் வந்தபின் “கறுப்பு நேரம் வரும் சார், அப்போது சொல்லுங்கள்” என்று தைரியமாகச் சொல்ல முடிந்தது. அவரும் காத்திருந்து, அந்த நேரத்தில் மற்றவர் கண்ணில் படாத ஓட்டைகளைச் சரியாகக் காட்டினார். அவருடைய குணம் குழுவுக்குச் சொத்து என்று தெரியவந்தது அப்படித்தான். சிவப்பையும் விட்டுவிடாதீர்கள். காரணம் சொல்லாமல் “எனக்கு இது பிடிக்கவில்லை” என்று சொல்லும் உரிமை கிடைத்தால், பிறகு போலிக் காரணங்கள் குறைகின்றன.

மன வரைபடம் குறிப்பெடுக்க நல்லது, புது யோசனைக்கு எனக்கு உதவியதில்லை. ஏற்கெனவே தெரிந்ததைத்தான் கிளை கிளையாக வரைகிறோம். “ஏன்?” என்று அடுத்தடுத்து ஐந்து முறை கேட்கும் டொயோட்டாவின் முறை பழுதின் வேரைத் தேடப் பயன்படும், ஆனால் ஒரு விளைவுக்குப் பல காரணங்கள் இருக்கும் இடத்தில் ஒற்றைச் சங்கிலியாக இழுத்துக்கொண்டு போய்விடும்.

நடப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2014-இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஓப்பெஸோ, ஷ்வார்ட்ஸ் இருவரும் செய்த சோதனைகளில், உட்கார்ந்திருந்தபோது இருந்ததைவிட நடந்தபோது மக்கள் கூடுதலாகப் புதிய யோசனைகள் சொன்னார்கள். வெற்றுச் சுவரைப் பார்த்து டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் இது பொருந்தியது. ஒரே சரியான விடை உள்ள கேள்விகளுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. என் அனுபவமும் இதோடு ஒத்துப்போகிறது: வழிகளைத் தேடும்போது நடக்கிறேன், தேர்ந்தெடுக்கும்போது உட்கார்ந்துவிடுகிறேன். ஆனால் பிரச்சினையில் நன்றாக ஊறாமல் நடக்கக் கிளம்பினால் அது வெறும் உலாத்தல்தான். முதலில் மண்டை காய யோசித்திருக்க வேண்டும்.

இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் யோசனை கேட்பது வழக்கமாகிவிட்டது. நானும் கேட்கிறேன், என் தாள் நிறைந்த பிறகு மட்டும். முதலிலேயே கேட்டால் அது தரும் பட்டியல் கண்ணுக்கு முன்னால் நின்றுகொண்டு வேறு எதையும் பார்க்க விடாது, டங்கரின் பெட்டியில் இருந்த ஆணிகள் செய்த அதே வேலை.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை, ஒரு பிரச்சினைக்கு இரண்டு நுட்பத்துக்கு மேல் வேண்டாம். பிறக்க வைக்க எழுதும் முறையோ தலைகீழ்க் கேள்வியோ ஒன்று, தேர்ந்தெடுக்கத் தொப்பிகள். இரண்டையும் ஒரே நாளில் வைக்காதீர்கள், இடையில் ஒரு இரவாவது இருக்கட்டும். தேர்வாகாத யோசனைகள் உள்ள தாள்களைத் தூக்கிப் போடவும் வேண்டாம். தேதியும் அன்றைய கேள்வியும் எழுதி ஒரு கோப்பில் போட்டு வைத்தால், அடுத்த பிரச்சினைக்கு முதலில் புரட்ட வேண்டியது அந்தக் கோப்பைத்தான். அந்தச் சுத்திகரிப்பானுக்கு எழுதி ஒதுக்கிய “நிறம் மாறும் பட்டை” யோசனை, பிறகு வேறொரு சாதனத்தில் வடிகட்டி மாற்றும் நேரத்தைக் காட்டப் பயன்பட்டது.