சாவிக்கொத்தா, கடிதமா?

முதலாளியோடு முட்டிக்கொண்டு வேலையை விடுவதற்கு இலங்கையில் எங்கள் மலைப் பக்கத்தில் மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. முகத்துக்கு நேரே நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போல நாலு வார்த்தை கேட்டுவிட்டு இறங்கிப் போவது ஒன்று. தீபாவளிக்கு ஊருக்கு வந்தவர் கொழும்புக்குத் திரும்பாமலே இருந்துவிடுவது இன்னொன்று. கடிதம் கொடுத்து, சொன்ன நாள் வரை வேலை பார்த்துவிட்டு விலகுவது மூன்றாவது. முதல் வழியில் நான் போயிருக்கிறேன். இரண்டாவது வழியில் என் சித்தப்பா மகன் போனான். மூன்றாவதில் என் தங்கை. ஒரே வீட்டுக்குள் மூன்றும் நடந்துவிட்டதால், எது எதைக் கொடுத்தது, எது எதைப் பறித்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

கோபமே படக்கூடாது, பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. தோட்டங்களில் உழைத்த எங்கள் பாட்டன்மார் பொறுத்தது போதும். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் தராமல் வேலையை விட்டுப் போவது அன்று குற்றமாக இருந்தது. எஜமானிடம் மரியாதைக்குறைவாகப் பேசுவதும் குற்றமாக இருந்தது. இரண்டுக்கும் சிறை இருந்தது. அதோடு ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது. கடனை அடைத்துவிட்டால் இந்த ஆளை விடுவிக்கச் சம்மதம் என்று தோட்டத்தை நடத்துகிற துரை எழுதித் தருகிற சீட்டு அது. அது இல்லாமல் அடுத்த தோட்டத்தில் பேர் பதிய முடியாது. கடன் கணக்கோ, ஆட்களைத் திரட்டி வந்து வேலை வாங்குகிற பெரிய கங்காணியின் கையில். அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிக்கப்பட்டது. வேலையை விடுவதும், விடும்போது வாய் திறந்து பேசுவதும் எங்களுக்குச் சும்மா கிடைத்த உரிமைகள் அல்ல. அதனால்தான் அதை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில் எனக்கு இவ்வளவு அக்கறை.

முதலில் என் கதை. மலையகத்து நகரம் ஒன்றில் இரும்புச் சாமான் கடையொன்றின் களஞ்சியத்தை ஏழு வருடம் பார்த்துக்கொண்டேன். டிசம்பர் மாதம், விடாத மழை. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இரண்டு நாள் லீவு கேட்டு எழுதிய தாளை முதலாளி வாசிக்கவில்லை. தேநீர்க் கோப்பைக்கு அடியில் அதை வைத்துக்கொண்டு, “உங்கள் தோட்டத்து ஆட்களுக்கு எப்போது பார்த்தாலும் யாராவது சாகக் கிடப்பார்கள்” என்றார். கடையில் அப்போது மூன்று வாடிக்கையாளர்கள் நின்றார்கள். கோப்பையின் ஈரம் என் கையெழுத்தில் வட்டமாக ஊறுவதைப் பார்த்துக்கொண்டே இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்த்தேன். பதினான்கு சாவிகள். கண்ணாடி மேசையின் மேல் வைத்தேன். “ஏழு வருடமாக இந்தக் கடையைத் திறந்தவன் நான், முதலாளி. நாளைக் காலையில் எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று நீங்களே தேடிக்கொள்ளுங்கள். என் அம்மா செத்துப்போக மாட்டாள்.” அவ்வளவுதான். பஸ்ஸில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன்.

அந்த நாளை நினைத்து நான் வருந்தியதில்லை. முதுகெலும்பு நேராக நின்ற நாள் அது. கடையில் இருந்த இரண்டு பையன்களும் அதைக் கேட்டார்கள். அவர்களுக்கும் அது வேண்டியிருந்தது. நேரில் சொல்வதற்கு இருக்கிற பலம் இது. இதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆனால் ஒரு வாரத்துக்குள் அந்த வார்த்தைகள் என்னுடையவையாக இல்லை. சின்ன ஊர். கடைக்காரர்கள் எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அடுத்த வேலை கேட்டுப் போன இடத்தில், “சாவியை முதலாளியின் முகத்தில் வீசி எறிந்தவன் நீதானே?” என்று கேட்டார்கள். நான் வைத்தேன், வீசவில்லை. லீவுக் கடிதத்தைப் பற்றியும் அம்மாவைப் பற்றியும் யாருக்கும் தெரியவில்லை. நான் சொன்னதற்கு என்னிடம் சாட்சி இல்லை. அதை ஊருக்குச் சொல்ல அவருக்கு ஒரு கடைத்தெருவே இருந்தது. நேரில் சொல்லிவிட்டு வருவதில் இருக்கிற பெரிய ஓட்டை இதுதான்: சொல்வது நாம், கதையாக்கி வைத்துக்கொள்வது அவர்கள்.

இரண்டாவது அடி பணத்தில் விழுந்தது. “நீயாக ஓடிப்போனாய். உனக்கு ஒன்றும் கிடையாது” என்றார் முதலாளி. நான்கு மாதம் நானும் அதை நம்பினேன். பிறகு தொழில் அலுவலகத்தில் ஓர் உத்தியோகத்தர் பொறுமையாக விளக்கினார். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்குச் சேவைக்காலப் பணம் உண்டு. அவராக விலகினாலும் உண்டு. மாதச் சம்பளக்காரருக்குக் கடைசிச் சம்பளத்தில் பாதியை, முடித்த வருடங்களால் பெருக்க வேண்டும். என் சம்பளம் 44,000 ரூபாய். பாதி 22,000. ஏழு வருடத்துக்கு 1,54,000 ரூபாய். விலகி 30 நாட்களுக்குள் தரவேண்டும். தாமதித்தால் மேலதிகமாகக் கட்ட வேண்டும். எங்கள் கடையிலும் கிளையிலும் சேர்த்துப் பதினெட்டுப் பேர் இருந்தோம்.

அந்த உத்தியோகத்தர் சொன்ன இன்னொன்றை இங்கே அழுத்தமாக எழுத விரும்புகிறேன். மோசடி, பணக் கையாடல், வேண்டுமென்றே முதலாளியின் சொத்துக்குச் சேதம் விளைவித்தல் போன்ற காரணங்களுக்காக வேலையை இழந்தவருக்குத்தான், அந்த நட்டத்தின் அளவுக்குச் சேவைக்காலப் பணம் பறிபோகும். முதலாளியை நாலு வார்த்தை கேட்டதற்குப் போகாது. சாவிக்கொத்தை நான் உண்மையிலேயே வீசி அந்தக் கண்ணாடி மேசை உடைந்திருந்தால், அவர் கையில் ஒரு பிடி கிடைத்திருக்கும். கோபத்தில் இறங்கிப் போகிறவர்கள் இதை மட்டும் மறக்க வேண்டாம்: வாயால் சொல்வதோடு நிற்கட்டும், கை எதையும் தொட வேண்டாம்.

சித்தப்பா மகன் போன வழி இதைவிட மோசம். கொழும்பு புறக்கோட்டையில் ஒரு துணிக்கடை. இரவு பத்து மணி வரை நிற்க வேண்டும், படுக்கை கடையின் மாடியில் அட்டைப்பெட்டிகளுக்கு மேல். தீபாவளிக்கு வந்தவன் திரும்பிப் போகவில்லை. தொலைபேசியை எடுக்கவில்லை. அவனுக்கு அது மானம் போல இருந்தது. பேசக்கூட லாயக்கில்லாத ஆள் என்று முதலாளியைத் தண்டிப்பது போல இருந்தது. முதலாளி பதிவுத் தபாலில் இரண்டு கடிதம் அனுப்பினார்: இன்ன திகதிக்குள் வேலைக்கு வராவிட்டால் சேவையைக் கைவிட்டதாகக் கருதப்படும் என்று. தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது; தபால் தோட்டத்து ஒப்பீசுக்குத்தான் வரும். மூன்று வாரம் அங்கேயே கிடந்து, திகதி தாண்டிய பிறகே அவன் கைக்கு வந்தன.

சேவையைக் கைவிட்டவர் என்று ஒருமுறை ஏட்டில் ஏறிவிட்டால், கொடுமை தாங்காமல்தான் வெளியேறினேன் என்று பிறகு சொல்வது மலையேறுவது போல. சேவைச் சான்றிதழ் கேட்கவும் வாய் வராது. எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறொன்று. அவன் ஏன் போனான் என்று அந்தக் கடையில் யாருக்கும் தெரியாது. பொங்கலுக்கு முன்பே எங்கள் தோட்டத்திலிருந்து இன்னொரு பையன் அதே வேலைக்குப் போய், அதே அட்டைப்பெட்டிகளின் மேல் படுத்தான். மௌனத்தால் முதலாளிக்கு ஒரு கீறலும் விழவில்லை. மூன்று வழிகளில் இதைத்தான் நான் கடைசியில் வைப்பேன், அதுவும் வெகு தொலைவில்.

தங்கை நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் இருந்தாள். இரண்டு மாத மேலதிக நேரக் கொடுப்பனவு வரவில்லை. கேட்டதற்கு மேற்பார்வையாளர், இஷ்டமில்லை என்றால் கொழுந்து பறிக்கப் போகலாம் என்றிருக்கிறார். எங்கள் அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவள். தங்கை அன்றிரவே எழுதினாள். தமிழில், ஒரே பக்கம். நியமனக் கடிதத்தில் உள்ளபடி ஒரு மாத முன்னறிவித்தல். கடைசி வேலை நாள். வராத கொடுப்பனவு எந்தெந்த மாதத்துக்கு, எத்தனை மணித்தியாலம். மேற்பார்வையாளர் சொன்ன வார்த்தை, சொன்ன திகதி, பக்கத்தில் இருந்தவர்கள் யார் யார். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று முகாமையாளரிடம் கையெழுத்து வாங்கினாள்.

முகாமையாளர் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தாராம். “இந்த ஒரு பந்தியை எடுத்துவிட்டு, சொந்தக் காரணங்களுக்காக என்று எழுதித் தாருங்கள். நல்ல சான்றிதழ் தருகிறேன்” என்றாராம். “சொந்தக் காரணம் ஒன்றும் இல்லை, சேர்” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். நான் கடைத்தெரு கேட்கச் சொன்னதைவிட, அவள் மூடிய கதவுக்குள் சொன்ன அந்த ஐந்து வார்த்தைகள் ஆழமாக வெட்டின என்று நினைக்கிறேன். ஏனென்றால் தாள் அங்கேயே இருந்தது. அதைத் திரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

இந்த வழி லேசானது என்று சொல்ல மாட்டேன். அந்த ஒரு மாதமும் அவளைச் சலவைப் பகுதிக்கு அனுப்பினார்கள். சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் உட்கார ஆட்கள் பயந்தார்கள். இரவில் அழுதாள். நான் ஒரு நிமிடத்தில் கொட்டித் தீர்த்ததை அவள் முப்பது நாள் நெஞ்சில் சுமந்தாள். ஆனால் கொடுப்பனவு வந்தது, சான்றிதழும் வந்தது. கையெழுத்திட்ட பிரதி இன்னும் அவள் பெட்டியில் இருக்கிறது.

கடிதங்களிலும் இரண்டு சாதி உண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டும். ‘தனிப்பட்ட காரணங்களால் விலகுகிறேன், இதுவரை அளித்த வாய்ப்புக்கு நன்றி’ என்று எழுதுகிற இனிப்புக் கடிதம் பண்பானது என்று பலர் நினைக்கிறார்கள். கொடுமைப்படுத்தப்பட்டவர் அப்படி எழுதினால் அது முதலாளிக்கு எழுதித் தருகிற விடுதலைப் பத்திரம். நெருக்கி வெளியேற்றினார்கள் என்று நாளைக்குத் தொழில் வழக்குகளை விசாரிக்கிற தொழில் நியாய சபைக்குப் போனால், அந்தக் கடிதத்தைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். அங்கே விண்ணப்பிக்கவும் காலக்கெடு உண்டு; ஆறப்போட முடியாது.

பேச்சுக்கே பலம் இல்லை என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். 1936இல் மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்தில் துரை வேலை பழக வந்த பிரேஸ்கேடில் என்ற அவுஸ்திரேலிய இளைஞன், தொழிலாளர் பக்கம் சாய்ந்ததற்காக வேலையிழந்தான். அவன் வாய்மூடிக் கப்பல் ஏறவில்லை. 1937இல் நாவலப்பிட்டியில் கூட்ட மேடையேறி, தோட்டத் துரைமார்களைப் பற்றித் தமிழ்த் தொழிலாளர்களின் முன்னால் பேசினான். ஆளுநர் ஸ்டப்ஸ் அவனை நாடு கடத்த உத்தரவிட்டார். உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. அந்தப் பேச்சு நின்று பிடித்ததற்குக் காரணம் அவன் குரல் மட்டும் அல்ல. பின்னால் சமசமாஜக் கட்சி என்ற இடதுசாரிக் கட்சி இருந்தது, வழக்கறிஞர்கள் இருந்தார்கள், கேட்பதற்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருந்தார்கள். அவன் வெள்ளைக்காரன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தனியாக ஒரு கடையில் நிற்கிற நமக்குப் பின்னால் அதெல்லாம் இல்லை. ஒரு தாளும் ஒரு கையெழுத்தும்தான் இருக்கின்றன.

தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்கிறவர்களுக்குக் கணக்கே வேறு. அங்கே வேலையோடு லயத்து அறையும் பின்னிக் கிடக்கிறது. நாட்சம்பளக்காரருக்குச் சேவைக்காலப் பணம் வருடத்துக்கு 14 நாள் சம்பளம். தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கண்டக்டரோடு முட்டிக்கொண்டு ஒற்றையாய் ஒப்பீசுக்குப் போகாமல், தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போவதே சரி.

உடனே இறங்கிப் போக வேண்டிய நேரமும் உண்டு. கை ஓங்கினால், பெண்பிள்ளையிடம் தவறாக நடந்தால், உயிருக்கு ஆபத்தான வேலைக்குத் தள்ளினால், அந்த நிமிடமே வெளியேறுங்கள். ஆனால் அன்றைக்கே எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். நான் அன்று ஆஸ்பத்திரி வாசலிலிருந்து அரைப்பக்கம் எழுதி அனுப்பியிருந்தால், சாவி வைக்கப்பட்டதா வீசப்பட்டதா என்ற கேள்வியே வந்திருக்காது. ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் கடைசி மாதம் வரை கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஊழியர் நம்பிக்கை நிதியின் 3 வீதத்தையும் விட்டுவிடாதீர்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி.

போன வாரம் சித்தப்பா மகன் அழைத்தான். இப்போது கண்டியில் ஒரு பெரிய கடையில் இருக்கிறான். “அண்ணா, இனி முடியாது. நாளைக்கே விட்டுவிடப் போகிறேன்” என்றான். எப்போது சேர்ந்தாய் என்று கேட்டேன். நான்கு வருடமும் ஒன்பது மாதமும் ஆகியிருந்தது. இன்னும் மூன்று மாதம் போனால் ஐந்து. இன்று விட்டால் சேவைக்காலப் பணத்தில் ஒரு சதமும் இல்லை. நீண்ட நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, இந்த முறை சொல்லாமல் போக மாட்டேன் என்றான்.

அன்றிரவே கடிதத்தை எழுதிப் படம் எடுத்து அனுப்பினான். முதலாளி அவன் அப்பாவைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தையை எழுதி, பிறகு அடித்திருந்தான். அதை அடிக்காதே, யார் யார் கேட்டார்கள் என்பதையும் சேர்த்து எழுது என்றேன். மறுநாள் திருத்தி அனுப்பினான். கையெழுத்து இருக்கிறது. திகதிக்கு விட்ட இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது.